அசையாமல் இருந்தால் தூக்கம்

எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கால்வலி என்றால் வீக்கத்தைக் காட்டலாம். காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்க்கச் சொல்லலாம். தூங்கவில்லை என்பதற்குக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. பக்கத்தில் படுத்திருந்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றால், அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. என் கணவர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஜன்னல் எங்கே வரவேண்டும் என்று கொத்தனாரோடு மல்லுக்கட்டி அவரே நின்று கட்டிய வீடு அது. கட்டும்போது பௌர்ணமிக்குத்தான் கூட்டம். இப்போது சனி, ஞாயிறு, லீவு நாள் எல்லாமே பௌர்ணமி மாதிரிதான். ஆட்டோ ஹாரன், ஒலிபெருக்கி, கூட வந்தவர்களைத் தவறவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என்று விடியும்வரை ஓயாது. சாமி கும்பிட வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஹாரன் அடிக்கிறவர்களை மட்டும் மனசாரத் திட்டியிருக்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் மகன், இந்தச் சத்தம் எட்டாத வேங்கிக்காலில் ஒரு வீடு கட்டிப் பூட்டி வைத்திருந்தான். அங்கே போய்விடலாம் என்றேன். கணவர் மசியவில்லை. நான் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், அது எனக்கே தெரிவதில்லை என்பது அவர் கட்சி. இருவரும் போனில் மாற்றி மாற்றி முறையிட்டதில் மகன் சலித்துப்போய், தூக்கத்தைக் கணக்கெடுக்கும் வாட்ச் ஒன்றை அனுப்பிவைத்தான். அதன் கணக்கு அவன் போனுக்கும் அப்பா போனுக்கும் வரும். அம்மா தூங்கவில்லை என்று அது சொன்னால் வீடு மாறுவது, தூங்குகிறாள் என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடுவது. நான் தயங்காமல் ஒப்புக்கொண்டேன். உண்மை என் பக்கம் இருக்கும்போது எனக்கென்ன பயம்?

முதல் நாள் காலையில் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு போனைப் பார்த்தார். எண்பதுக்கு மேல் மார்க். கீழே ஒரு பாராட்டு வேறு. கரண்ட் போய்வந்ததையும், எதிர் டீக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டதையும் வரிசையாகச் சொன்னேன். அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீலக் கோடுகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான்.

அதற்கு முன்பு, பேச்சுக்காவது, காபி குடிக்கும்போது ராத்திரி தூங்கினாயா என்று கேட்பார். வாட்ச் வந்தபிறகு அதையும் என்னிடம் கேட்பதில்லை. என் தூக்கத்தைப் பற்றி வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. சில நாள், நிஜமாகவே தூங்கிவிட்டுத்தான் பொய் சொல்கிறேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

தூக்கமில்லாமல் தலைசுற்றல் அதிகமானதும் டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் போனை நீட்டினார். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். வாட்சுக்குத் தெரிவது கை அசைவும் நாடித்துடிப்பும்தான். படுத்தது, எழுந்தது எல்லாம் ஓரளவு சரியாகச் சொல்லும். விழித்தபடி அசையாமல் கிடந்தால் அதையும் தூக்கம் என்று எழுதிவிடக்கூடும். நிச்சயமாகத் தெரியவேண்டுமானால் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தலையில் ஒயர் பொருத்திக்கொண்டு படுக்கவேண்டும். திரும்பி வரும்போது கணவர், டெஸ்ட் எடுக்கவைக்க அப்படித்தான் சொல்வார்கள் என்று முடித்துவிட்டார்.

அசையாமல் கிடப்பது எனக்குப் பிறவிப் பழக்கம் மாதிரி. நாங்கள் சமணர்கள். காலையில் குளித்ததும் இரண்டு நாழிகை கண்மூடிச் சாமாயிகம் என்ற தியானத்தில் உட்காருவோம். மனதுக்குள் மந்திரம் ஓடும். கொசு கடித்தாலும் கை எழாது. சின்ன வயதில் வந்த அந்தப் பழக்கம் படுக்கைக்கும் கூடவே வந்துவிட்டது. தூக்கம் வராவிட்டாலும் புரளமாட்டேன்.

சாமாயிகத்தில் என் கணவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவர் அபிப்பிராயம். ஜினாலயத்தில் உட்கார்ந்தபடியே தலை ஆடுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து, யார் யார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று நடித்தே காட்டுவார்.

வாட்ச் பட்டை என் மணிக்கட்டில் அரித்துத் தடித்துவிட்டது. கழற்றிவைத்தேன். சும்மா கிடக்கிறதே, நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். திட்டம் போட்டுச் சொன்னேன் என்று பெருமையடிக்க ஆசைதான், ஆனால் அப்படி ஒன்றுமில்லை. அவர் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டு மகனுக்கும் போனில் சொன்னார்.

சில நாள் கழித்து மகன் போன் செய்தான். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம். அப்போதுதான் தட்டின்முன் உட்கார்ந்திருந்தோம். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, ஒடம்பு சரியில்லையா? தெனம் காலையில எழுந்துட்டு மறுபடியும் தூங்கறீங்களே."

இவர் இடதுகையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தினமும் சாமாயிக நேரத்தில் நீலக்கோடு. ஒரு நாள் ஆழ்ந்த தூக்கம் என்றே போட்டிருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் தூங்கல" என்றார்.

வாட்ச் அப்படித்தான் காட்டுகிறது என்றான் மகன்.

"வாட்ச்சுக்கு என்னடா தெரியும்? கண்ண மூடிட்டு முழிச்சிட்டுத்தான் இருந்தேன். உங்கம்மாவைக் கேளு, பக்கத்துலதான் இருந்தா."

இருவரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். இப்படி ஒரு நேரம் வந்தால் என்னென்ன சொல்லவேண்டும் என்று எத்தனையோ ராத்திரி அசையாமல் படுத்து யோசித்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"நானும் கண்ண மூடிட்டுத்தாங்க இருந்தேன். பாக்கல. ஆனா நீங்க தூங்கலன்னு சொன்னா, தூங்கலதான்" என்றேன்.

மகன் வேறு ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டான். அதன்பிறகு அவர் வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். நான் மோர் ஊற்றினேன்.

மறுநாள் காலை காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் போனை எடுக்கவில்லை.

"ராத்திரி தூங்குனியா?"

"இல்லைங்க."

கொஞ்சநேரம் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"வேங்கிக்கால் வீட்டுச் சாவிய எங்க வெச்சிருக்க?"