நசீப் கௌரின் முறை

நசீப் கௌர் பள்ளிக்கூடப் படியையே மிதிக்காதவள். பர்னாலா பஞ்சாலைக்கு இருபது வருடமாக பஸ்ஸில் போய்வருகிறாள். ஜன்னலோரம் இடம் பிடித்து, உர விளம்பரம், டிராக்டர் கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கண்டக்டரிடம் கேட்டுக் கேட்டே குர்முகி எழுத்தைக் கற்றுக்கொண்டாள். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தலைக்கோட்டில் தொங்கும் எழுத்துகள். அந்த எழுத்தில் இருக்கும் சீக்கியப் புனித நூலைத் தன் வாயால் ஓத வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

குருத்வாராவில் அந்த நூலை ஓதும் கிரந்தி மேவா சிங் முன்னால் மூன்று வருடம் உட்கார்ந்து வாசித்தாள். கடைசியில் மனிதர் மசிந்தார். அவளுடைய ஓரகத்தி தலீப் கௌரின் மகன் கட்டிய புது வீட்டில் அகண்ட ஓதல். இரண்டாம் நாள் காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை நசீபின் முறை. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆள் மாறலாம், ஓதும் குரல் அறுபடக் கூடாது. அறுந்தால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

தலீப் கௌர் நேரே மேவா சிங்கிடம் வந்தாள்.

"பஸ் போர்டு படிச்சவளையா உட்கார வைக்கிறீங்க? நடுவுல திக்கி நின்னா என் பிள்ளை வீட்டுக்கு நல்லதா?"

"நிக்க மாட்டேன் அக்கா."

"வாய் சொல்லுது. கண்ணு சொல்லணுமேடி!"

அன்று பார்த்தா இப்படி மூடுபனி கவிய வேண்டும்! ஒன்பது மணிக்கு வரவேண்டியவர் வழியில் மாட்டிக்கொண்டார். முந்தின முறைக்காரர்கள் ஓதி முடித்து ஊருக்குப் போயிருந்தார்கள். விடியும்வரை ஓதிய மேவா சிங்குக்கோ குரலே எழும்பவில்லை. கையை மட்டும் காட்டினார், நிறுத்தாதே என்று.

நசீப் பக்கத்தைப் புரட்டினாள். இந்தப் பக்கங்களை அவள் வீட்டில் ஒத்திகை பார்த்ததில்லை. கால் மரத்தது, தொண்டை கரகரத்தது. பயந்துதான் போனாள். ஆனால் எழுத்து பழைய எழுத்துதானே! விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லாக ஓதினாள். பத்து மணி ஆனது. பத்தரையும் ஆனது. தலீப் கௌர் சமையலை விட்டுவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தவள் அசையவே இல்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஈரத் தலைப்பாகையோடு அடுத்தவர் வந்தார். கைகால் கழுவி, பக்கத்தில் அமர்ந்து, அவளோடு சேர்ந்து ஓதி வரியை வாங்கிக்கொண்டார். குரல் அறுபடவில்லை.

நசீபால் எழுந்திருக்க முடியவில்லை. தலீப் கௌர்தான் தோளைக் கொடுத்து வெளியே கூட்டிவந்து, வாயில் ஒரு துண்டு கற்கண்டைப் போட்டாள்.

"அடியே, நாளைக்கு ஓதல் முடியட்டும், மறுநாள் பஸ்ல நானும் வரேன். ஜன்னலோரம் எனக்கு."