சத்தியம் வாங்கியவர்

கல்முனைக் கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியம் சொல்லிக் கொடுப்பதுதான் நல்லரெத்தினத்தின் வேலை. கிறிஸ்தவ வேதக்காரர் என்றால் வேதப்புத்தகத்தைக் கையில் கொடுப்பார். எங்கள் முஸ்லிம் ஆட்களுக்கும் சைவர்களுக்கும் உறுதிமொழி. புத்தகத்தைத் தொட்டுவிட்டுப் பச்சைப் பொய் சொன்னவர்களை அவர் நிறையவே பார்த்திருந்தார்.

கோட்டுக்கு எதிரே என் தேத்தண்ணிக் கடை. இடைவேளையில் வந்து உட்கார்ந்து, என்னை அண்ணன் முறை வைத்து, "காக்கா, மனுசன நம்பேலாது. சட்டத்துக்கும் பயப்படோணும், கர்த்தருக்கும் பயப்படோணும். அப்பதான் ஊர் உருப்படும்" என்பார்.

"நடுவுல மனுசன் எண்டும் ஒருத்தன் இரிக்கானே ஐயா" என்று நான் சீண்டுவேன். சிரிக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் அவர் செய்கிற பிரசங்கமும் இதுதான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. அவருடைய ஒரே மகன் அருள்நேசன் சம்மாந்துறை அரிசி ஆலையொன்றுக்கு லொறி ஓட்டினான். ஒருநாள் காலை, தெற்கே அரிசி இறக்கிவிட்டுத் திரும்புகையில், வினாயகபுரத்திலிருந்து மீன்பெட்டியோடு சைக்கிளில் வந்த கோணாமலை என்பவனை இடித்துவிட்டான். பயத்தில் நிறுத்தாமல் வந்துவிட்டான். மீன்காரன் செத்துப்போன செய்தி பஸ்காரர் வாயால் என் கடைக்கு வந்தது. லொறியின் அடையாளத்தையும் சொன்னார்கள். நான் நேரே நல்லரெத்தினம் வீட்டுக்கு ஓடினேன்.

மகன் தகப்பன் முன்னால் அழுதுகொண்டு நின்றான்.

"அப்பா, நான் முதல்ல செத்தவீட்டுக்குப் போறன். அந்த மனிசிட கால்ல விழுந்து நான்தான் எண்டு சொல்லிப்போட்டு, அங்கயே பொலிசில போய் நிக்கிறன்."

"முதல்ல பொலிஸ்."

"வேற ஆக்கள் சொல்லி அவ அறியப்படாதப்பா."

நல்லரெத்தினம் வேதப்புத்தகத்தை நீட்டினார், கோட்டில் நீட்டுகிற அதே மாதிரி. மகன் கையை வைத்தான். "பொழுதுபடுறத்துக்குள்ள பொலிசில நிப்பன். சத்தியம்."

அவன் பஸ்ஸுக்கு நடந்தான். தகப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு பொலிசுக்கு வெளிக்கிட்டார். நான் மறித்தேன். "ஐயா, புள்ள சத்தியம் பண்ணிட்டுப் போறான். பொழுதுபடுமட்டும் பொறுக்கப்படாதா?"

"எத்தின பேரிட சத்தியத்தப் பாத்தவன் நான், காக்கா" என்றார்.

பஸ்ஸில் கால் வைத்தவனைப் பொலிஸ் பிடித்தது. தப்பியோடப் பார்த்தான் என்று எழுதினார்கள். எங்களில் இப்படி ஒன்று நடந்தால் பள்ளிவாசல் மரைக்காயர்மார் இடித்தவனைக் கூட்டிக்கொண்டு முதலில் மௌத்து வீட்டுக்குத்தான் போவார்கள்; கோடு கச்சேரி எல்லாம் பிறகு. அங்கேயும் ஆள் பார்த்துக் கதைக்கிறவர்கள் உண்டு, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குற்றம் செய்தவன் தானாக எழுந்து நடக்கும்போது அவன் காலை யாரும் வாரிவிடுவதில்லை.

வழக்கில் நல்லரெத்தினமே சாட்சி. அன்று வேறொருவர் அவருக்கு வேதப்புத்தகத்தை நீட்டினார். மகனுக்காக வாதாடிய அப்புக்காத்து கேட்டார்: "தானே பொலிசுக்குப் போறன் எண்டு சொன்னாரா?"

"ஓம். சத்தியமும் பண்ணினான்."

"பிறகேன் நீங்க போனீங்க?"

 பெற்ற தகப்பனே நம்பாததை நீதவான் ஏன் நம்பப்போகிறார்? மூன்று வருஷம் சிறை மறியல். சேர்ச்சில் அவரைத் தலையில் தூக்கி வைத்தார்கள், பிள்ளையையே சட்டத்துக்குக் கொடுத்த உத்தமர் என்று.  அவருடைய பெண்சாதி அதற்குப் பிறகு சேர்ச்சுக்கே போகவில்லை.

மறியல் முடிந்து வந்த அருள்நேசன் வீட்டுப் படி மிதிக்கவில்லை. நேரே வினாயகபுரம் போய், கோணாமலையின் மனைவி வல்லியம்மையின் வாசலில் நின்றான். அவள் விளக்குமாற்றால் அடித்துத் துரத்தினாள். மறுநாளும் போய் நின்றான். அவள் செத்தவனின் வளைந்த சைக்கிளை இழுத்து வந்து அவன் முன்னால் போட்டாள். "இத ஓட்டி எண்ட புள்ளையளுக்குச் சோறு போடு."

இதை அவனே என்னிடம் சொன்னான். அக்கரைப்பற்றில் விலைபோகாத மீனோடு ஒருநாள் அந்தச் சைக்கிளைக் கல்முனை வரை மிதித்து வந்து, என் கடை வாசலில் நின்று சொன்னான். குரல் கேட்டு, உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நல்லரெத்தினம் வெளியே வந்தார். 

"மகன், அம்மா ஒன்னப் பாக்கோணும் எண்டு அழுறா. ஒருக்கா வீட்ட வா."

அருள்நேசன் மீன்பெட்டியை மூடினான்.

"வாறன் எண்டு சொன்னா நம்புவீங்களா அப்பா?"

நல்லரெத்தினம் கையிலிருந்த தேத்தண்ணிக் கிளாஸை என்னிடம் நீட்டினார். கோட்டு மணி அடித்தது. தெருவைக் கடந்து, மற்றவர்களுக்குச் சத்தியம் சொல்லிக் கொடுக்கப் போனார்.