மறைவு: கூடிய சீக்கிரம்

என் மகளோட மூச்சக் கெடுத்தவன் நான்தான். இத முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி சொன்னா நடுவுல உங்களுக்கு என் மேல இரக்கம் வந்திடும். அந்த இரக்கத்துக்கு நான் லாயக்கில்ல.

வெள்ளிக்கிழமை பஜனை முடிஞ்சு எல்லாரும் பசியோட உக்காந்திருக்கீங்க, உள்ள பொங்கல் வாசம் வேற வருது. சுருக்காச் சொல்லப் பாக்குறேன். கோயில் செயலாளர் அண்ணன் மூணு மாசமாக் கேக்குறாரு, "சேகரு, உனக்கு நடந்தத வந்து சொல்லு"ன்னு. எனக்கு வெக்கம். கிள்ளான்ல பொறந்து வளந்தவன், போர்ட்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன், மைக் பிடிச்சுப் பேசுற ஆளா நான்? ஆனா முருகன் செஞ்சத மூடி வச்சா அதுவும் திருட்டுத்தான்.

பதினேழு வயசுல பிடிச்ச சிகரெட்டு. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டு. ஞாயித்துக்கிழமைன்னா அதுக்கும் மேல. ஏன்னா அன்னைக்குத்தான் எங்க கார் கூட்டம். பழைய கார் வச்சிருக்கிற ஒன்பது பேரு. காலைல பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு தோசைக் கடை முன்னால வரிசையா நிப்பாட்டுவோம். பானெட்டத் தொறந்து வச்சுக்கிட்டு ஒருத்தன் எஞ்சின இன்னொருத்தன் குறை சொல்லுவான். அப்புறம் பந்திங் பக்கம் ஒரு ரவுண்டு. என்னோடது முதல் மாடல் சாகா காரு, எங்க அப்பா ஓட்டினது. அவர் போனப்புறம் எஞ்சின் மொத்தத்தையும் பிரிச்சு, பிஸ்டன் ரிங் மாத்தி, கல்யாணப் பொண்ணு மாதிரி வச்சிருக்கேன்.

எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. எஞ்சின ஓட விட்டு, புகைக் குழாய் வாயில வெள்ளைத் துணியப் பிடிப்போம். துணி கறுத்துச்சுன்னா எஞ்சின் எண்ணெய் குடிக்குதுன்னு அர்த்தம், அந்தக் கார்க்காரனுக்கு அன்னைக்கு மானம் போச்சு. என் காருக்குப் பிடிச்ச துணியில முகம் தொடைக்கலாம், அவ்வளவு சுத்தம். அதச் சொல்லிச் சொல்லியே மத்தவங்கள நாறடிப்பேன், வாயில சிகரெட்ட வச்சுக்கிட்டு.

குணான்னு ஒருத்தன். சுங்கை பூலோவுல கார் பெயின்ட் கடை. அவன் நாக்குல கருணைங்கிறதே கிடையாது. "மச்சான், காரு புகை விடல, நீதான் விடுற. காருக்கு ரிங் மாத்தினே, உனக்கு எந்தக் கடையில மாத்துறது?"ன்னு கேட்டு, ஒரு நாள் என் வாயிலயே துணியப் பிடிச்சான். ஊதினேன். பழுப்பா ஒரு வட்டம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், இருமல் வர்ற வரைக்கும்.

இவன் வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவனாச்சேன்னு நீங்க நினைக்கலாம். அதான் இதுல பெரிய அசிங்கம். தைப்பூசத்துக்கு நாப்பத்தெட்டு நாள் மாலை போடுவேன். கறி கிடையாது, தண்ணி கிடையாது, சிகரெட்டு கிடையாது. சுத்தமா இருப்பேன். பத்துமலை ஏறிப் பால ஊத்திட்டு, இறங்கி, மாலையக் கழட்டி, கார் நிப்பாட்டின இடத்துக்கு வந்தா குணா பாக்கெட்டும் லைட்டருமா நிப்பான். "இந்தா மச்சான். முருகனுக்கு நாப்பத்தெட்டு நாள், சிகரெட்டுக் கம்பெனிக்கு முன்னூத்திப் பதினேழு நாள். யாரு லா உனக்குப் பெரிய சாமி?" நான் வாங்கிப் பத்த வைப்பேன். வருஷா வருஷம் இதே கூத்து. நாப்பத்தெட்டு நாள் விட முடிஞ்சவனுக்கு நாப்பத்தொன்பதாவது நாள் ஏன் முடியலன்னு ஒரு தடவ கூட யோசிச்சதில்ல. விரதம் முடிஞ்சா அந்தப் பழக்கத்துக்கு முருகனே பெர்மிட் குடுத்த மாதிரி எனக்கு நினைப்பு.

போன வருஷத் தைப்பூசம். பால ஊத்திட்டு வீட்டுக்குத் திரும்புறோம். பின் சீட்டுல என் பொஞ்சாதி வாணி, பக்கத்துல என் மகள் ஓவியா. அவளுக்கு அப்ப எட்டு வயசு. நாலு வயசுலேருந்து இழுப்பு. ரோடெல்லாம் ஜாம், காரு நகரவே இல்ல. ரெண்டாவது சிகரெட்டப் பத்த வச்சேன். கண்ணாடி இறக்கித்தானே இருக்கு, காத்து வெளிய போயிடும்னு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். பின்னால "அப்பா"ன்னு ஒரு சத்தம், நூல் மாதிரி. தண்ணி கேக்குறான்னு நினைச்சேன். திரும்பிப் பாத்தா உதடு நீலம். தோள் ரெண்டும் தூக்கித் தூக்கிப் போடுது. உறிஞ்சுற மருந்து டப்பாவ வாணி அமுக்குறா, அமுக்குறா, ஒண்ணும் கேக்கல.

ஓரத்து லேன்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தோம். பிள்ளை மூஞ்சில மாஸ்க் மாட்டினாங்க. டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பொண்ணு. வீட்ல யாராவது ஸ்மோக் பண்றாங்களான்னு கேட்டுச்சு. நான், "நோ, டாக்டர்"னு சொன்னேன். நெத்தியில பட்டை, சட்டையில சிகரெட்டு நாத்தம், வாயில பொய். அந்தப் பொண்ணு என் சட்டையப் பாத்துச்சு, எழுதிக்கிச்சு. வாணி என்னைப் பாத்தா. அதுக்குப் பதிலா அவ என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

வெளிய வராந்தாவுல சுவத்தப் பாத்து நின்னு அழுதேன். "முருகா, பிள்ளைக்கு மூச்சக் குடு. இனிமே தொடமாட்டேன். சத்தியம்." சாயந்திரத்துக்குள்ள நெஞ்சு அடங்கி, அவளே பிஸ்கட் கேட்டா. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

கேட்டது கிடைச்சது. கிடைச்சவன் என்ன செஞ்சான்? பதினோரே நாள். போர்ட் வாசல்ல லோரி வரிசையில ஒருத்தன் பத்த வச்சான், வாசம் வந்துச்சு, கைய நீட்டிட்டேன். வீட்டுக்கு வர்றதுக்குள்ள வாய் கொப்பளிச்சு, சட்டை மாத்தி, புளிப்பா காஞ்ச அசாம்போய்ப் பழம் ஒண்ண வாயில போட்டுக்கிட்டேன். ஓவியா ஓடி வந்து என் மேல சாஞ்சா. கொஞ்ச நேரத்துல அவ நெஞ்சுல விசில் கேக்க ஆரம்பிச்சிடுச்சு.

வாணி சத்தம் போடல. "இனிமே பிள்ளை உங்க கார்ல ஏறாது. உங்ககிட்ட வந்து படுக்காது. புகைய விட்டுட்டு வாங்க, அப்புறம் அப்பான்னு சொல்லிக்கலாம்"னா. ஏன்மான்னு கேட்ட பிள்ளைகிட்டயும் மறைக்கல. "அப்பா சிகரெட்டு பிடிக்கிற வரைக்கும் உனக்கு மூச்சு சரியா வராதும்மா." அவ்வளவுதான். அதுக்கப்புறம் என் மகள் ரூம் வாசல்ல நின்னுதான் என்கிட்டப் பேசுவா.

எங்க கூட்டத்துல தேவி அக்கான்னு ஒரு டீச்சர், ஆமை முதுகு மாதிரி பழைய காரு ஒண்ணு ஓட்டுவாங்க. "டேய், கிளினிக்குல நிறுத்துறதுக்கு மருந்து குடுக்கிறாங்க லா, நானே கூட்டிட்டுப் போறேன்"னாங்க. "உங்க காரு கிளட்ச்ச முதல்ல பாருங்க அக்கா"ன்னு எரிஞ்சு விழுந்தேன். நல்லது சொன்னவங்களத்தான் முதல்ல கடிப்பேன், அது என் குணம்.

ஒரு செவ்வாக்கிழமை வேலை முடிஞ்சு தனியா பத்துமலைக்குப் போனேன். மேல நின்னு கேட்டேன். "நல்லதனமாக் கேட்டேன், நீ குடுத்தே. நான்தான் உன்னை ஏமாத்திட்டேன். இனிமே நல்லதனமாக் குடுக்காத. அடி. அடிச்சாவது விட வை." அப்படிக் கேட்டுட்டு இறங்கி வந்தவன், கார்ல ஏறி ஒண்ணப் பத்த வச்சேன். அவ்வளவு கேடு கெட்ட ஜென்மம்.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ். ஓவியாவுக்குப் பழைய காருன்னா உசுரு. அழுது கேட்டதால வாணி அனுப்பி வச்சா, ஆனா தேவி அக்கா கார்ல. நான் முன்னாடியே தனியாப் போய் நிப்பாட்டிட்டு டீ சொல்லப் போனேன். திரும்பி வந்தா என் கார சுத்தி ஒரே சிரிப்பு.

பானெட் மேல என் படம், கறுப்பு ஃபிரேம் போட்டு. பக்கத்துத் தெருவுல வாங்கின சந்தன மாலை அதுக்கு. முன்னால ஊதுபத்தி. படத்துக்குக் கீழ துக்க அறிவிப்பு மாதிரியே எழுதியிருந்துச்சு. தோற்றம்னு என் பொறந்த நாள். மறைவு: கூடிய சீக்கிரம். குணா தலையில துண்டப் போட்டுக்கிட்டு, "ஐயோ மச்சான், சாகாவ யாருக்கு எழுதி வச்சே?"ன்னு ஒப்பாரி வைக்கிறான். கோவம் வர்றதுக்குப் பதிலா எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்போடயே காதுல சொருகியிருந்த சிகரெட்ட எடுத்தேன்.

அப்பத்தான் தேவி அக்கா காரு வந்து நின்னுச்சு. ஓவியா இறங்கி நேரா பானெட் கிட்ட வந்தா. எங்க வீட்டு ஹால்ல எங்க அப்பா படம் இதே மாதிரி மாலையோடதான் தொங்குது. யாருக்கு அப்படி மாட்டுவாங்கன்னு அவளுக்குத் தெரியும். படத்தப் பாத்தா. என்னைப் பாத்தா. என் கையில இருந்ததப் பாத்தா. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கான்னு கேப்பால்ல, அதே குரல்ல கேட்டா.

"அப்பா, நீங்க செத்துட்டா எனக்கு மூச்சு நல்லா வருமா?"

குணா துண்ட இறக்கினான். எரியுற ஊதுபத்திய விரலாலயே நசுக்கி அணைச்சான். அவன் முகம் கோணிக்கிட்டுப் போச்சு. தேவி அக்கா பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கடைக்குள்ள போயிட்டாங்க. நான் ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டேன். செவ்வாக்கிழமை நான் கேட்ட அடி விழுந்துடுச்சுங்கிறது எனக்கு அப்பவே தெரிஞ்சுது. அவ கேட்டது சரிதானே? அவளுக்கு வீட்ல சொன்னது அவ்வளவுதானே? நான் இருந்தா மூச்சு இல்ல. நான் இல்லன்னா? பிள்ளை கணக்குப் போட்டிருக்கா.

பாக்கெட்ட அங்கேயே சாக்கடையில போட்டேன். மறுநாளே தேவி அக்காகூட கிளினிக்குக்குப் போனேன். மருந்து குடுத்தாங்க, ஒழுங்கா எடுத்தேன். முருகன்கிட்ட கேட்டவன் மருந்து எடுக்கக் கூடாதுன்னு சில பேர் சொல்றாங்க. அந்தக் கிளினிக்க மட்டும் வேற சாமியா கட்டி வச்சாரு?

கஷ்டம்னா கஷ்டம். தூக்கம் வராது, வாணி சட்டியக் கொஞ்சம் சத்தமா வச்சாலே கத்துவேன். கூட்டத்துல விட்டாங்களா? குணா என் இருமலப் பதிவு பண்ணி வச்சிருந்து, தினம் காலைல எல்லார் போனுக்கும் "சுப்ரபாதம்"னு போட்டு அனுப்புவான். அசாம்போய் தின்னு தின்னு தொப்பை வந்துச்சு, "எத்தனாவது மாசம்?"னு கேட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை அந்த ஒன்பது பேர்ல பிடிக்கிற நாலு பேரும் என் முன்னால பத்த வைக்கல. அதப் பத்தி யாரும் பேசிக்கவும் இல்ல.

பத்தொன்பதாவது நாள் ஜாம்ல மாட்டிக்கிட்டேன். உடம்பெல்லாம் அரிக்குது. பழைய லைட்டர் இருக்குமான்னு முன்னால டேஷ்போர்டு பெட்டியத் தொறந்தேன். உள்ள அந்தப் படம், மாலையோட. குணா எனக்குத் தெரியாம வச்சிருக்கான். "மறைவு: கூடிய சீக்கிரம்." மூடிட்டேன். ரோட்டுலயே "முருகா, முருகா"ன்னு கத்திக்கிட்டு ஓட்டினேன். பக்கத்து லோரிக்காரன் பயந்து தள்ளிப் போனான்.

மூணு மாசம் கழிச்சு ஓவியா ரூம் வாசலத் தாண்டி வந்து என் பக்கத்துல படுத்தா. என் சட்டைய மோந்து பாத்துட்டுத்தான் படுத்தா. ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட அடுத்த தடவ போனப்ப, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டேன். "தெரியும், அங்கிள்"னு சொல்லிச்சு. இன்னும் ஓவியாவுக்கு மருந்து இருக்கு, இழுப்பு முழுசா நின்னு போகல. ஆனா அந்த நாளுக்கப்புறம் உதடு நீலமாகல.

இந்த வருஷம் தைப்பூசத்துக்கு அவளும் என்கூட எறநூத்தி எழுபத்திரெண்டு படியும் ஏறினா. நடுவுல ரெண்டு தடவ உக்காந்தோம், ரெண்டு தடவையும் எனக்காகத்தான். இறங்கி, மாலையக் கழட்டிட்டு வந்தா குணா வழக்கம் போல நிக்கிறான். கைய நீட்டினான். கச்சான் கடலைப் பொட்டலம். "நாப்பத்தொன்பதாவது நாள் மச்சான்"னு சொல்லும்போது அவனுக்குக் குரல் உடைஞ்சு போச்சு. அதுக்கும் அவனக் கேலி பண்ணினேன், விடுவேனா?

ஓவியா முன் சீட்டுல ஏறி உக்காந்தா. டேஷ்போர்டு பெட்டியில இருந்த என் படத்தப் பல தடவ அவகிட்டக் காட்டி, "அந்த மாலையக் கழட்டும்மா"ன்னு கெஞ்சியிருக்கேன். "இருங்கப்பா, பாக்கலாம்"னு மாசக்கணக்கா இழுத்தடிச்சவ. அன்னைக்கு அவளாவே தொறந்து மாலைய எடுத்துட்டா. படத்த மட்டும் திருப்பி உள்ள வச்சா. அது எதுக்குன்னு கேட்டேன். "மறுபடி பிடிச்சீங்கன்னா வேணும்ல?"ன்னா. நான் கார ஓரங்கட்டி நிறுத்திட்டு அழுதேன். வாணி பின்னால இருந்து என் தோள்ல கைய வச்சா.

முருகனுக்கு நான் என்ன நன்றி சொல்றது? மூச்சு கேட்டப்ப மூச்சு குடுத்தாரு, அடி கேட்டப்ப அடி குடுத்தாரு. ரெண்டுல அடிதான் என்னை மனுஷனாக்குச்சு. உங்கள்லயும் சில பேர் பஜனை முடிஞ்சதும் நைசா கேட்டுக்கு வெளிய போவீங்க, எனக்குத் தெரியும், நானும் போனவன்தான். கேளுங்க. வெக்கப்படாம முருகன்கிட்டக் கேளுங்க. எந்த வாயில பதில் வருதோ அந்த வாயத் திட்டாதீங்க. என் கார் கேட்டுக்குப் பக்கத்துலதான் நிக்குது. பாக்கெட் வச்சிருக்கிறவங்க பொங்கல் சாப்பிட்டுட்டு வாங்க, என் படத்தக் காட்டுறேன். அந்தச் சந்தன மாலையும் இப்ப சும்மாதான் கிடக்கு.