மான்செஸ்டரில் ஓர் அருவி

சீமைக்குப் படிக்கப் போகிறவன் என்று தெரிந்ததும் தென்காசியில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளை மூட்டை கட்டியிருந்தால் கப்பலில் எனக்கு இடம் இருந்திருக்காது. முள்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, தொப்பியை எப்போது கழற்றுவது என்று, திருநெல்வேலியைத் தாண்டாதவர்களெல்லாம் சொல்லித் தந்தார்கள். அக்கா மட்டும்தான் உருப்படியாக ஒன்று செய்தாள். ஆறு புட்டி நல்லெண்ணெயையும் ஒரு தகரடப்பா சீயக்காய்த் தூளையும் என் சட்டைகளுக்கு நடுவே சொருகிவிட்டு, என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"ஏலே, சனிக்கிழமை எண்ணெய் தேய்க்காம இருந்திராத. அங்கன குளிருதுன்னு போத்திக்கிட்டுக் கெடந்தேன்னா சூடு தலைக்கு ஏறி, படிச்சது அம்புட்டும் மறந்து போவும், பாத்துக்கோ."

சத்தியம் பண்ணுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சனிக்கிழமை என்றாலே குற்றாலம்தானே. சாரல் விழுந்துவிட்டால் வண்டி கட்டிக்கொண்டு போய், பாறையில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து, சொட்டச் சொட்ட அருவிக்குள் நுழைந்து தொண்டை கிழியக் கத்துவோம். ஏன் கத்துகிறோம் என்று யாரும் யோசித்ததில்லை. அவ்வளவு தண்ணீர் தலையில் விழும்போது கத்தாமல் நிற்கிறவனுக்குத்தான் ஏதோ கோளாறு.

மான்செஸ்டரில் நெசவு இயந்திரப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. தங்குவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை. சன்னலில் 'அறை வாடகைக்கு' என்று அட்டை தொங்கும். நான் கதவைத் தட்டியதும், "இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்பார்கள். தெருமுனையிலிருந்து திரும்பிப் பார்த்தால் அட்டை அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒன்பதாவது வீட்டில் இருந்த விதவை அம்மாள் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உள்ளே வா, கதவைத் திறந்து வைத்தால் வீடு குளிர்ந்துவிடும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த அறையும் போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அன்றே தெரியும்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் சட்டம் உண்டு. அதில் ஒன்று, எனக்குக் குளியல் வியாழக்கிழமை மாலை. வாரத்துக்கு ஒரு முறை, தொட்டியில் உட்கார்ந்தால் முழங்கால் நனையாத அளவுக்கு வெந்நீர். மற்ற நாட்களில் குளியலறை பூட்டியிருக்கும், சாவி அவள் சமையலுக்குக் கட்டுகிற ஏப்ரன் பையில் இருக்கும். வியாழக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? சனிக்கிழமைக்கு மாற்றிக் கேட்டேன். அது அவளுடைய நாளாம். ஐந்து சனிக்கிழமைகள் வறண்ட தலையோடு போயின. ஆறாவது வாரம் வகுப்பில் கேட்ட சாதாரணக் கேள்விக்கு நான் விழித்தபோது, சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று நிஜமாகவே நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. அம்மாள் கடைக்குப் போயிருந்தாள். என் அறைச் சன்னலிலிருந்து கொல்லையைப் பார்த்தேன். கூரைத் தண்ணீரைக் கீழே கொண்டுவரும் குழாய் பாதியில் உடைந்திருந்தது. கூரை முழுவதின் தண்ணீரும் அந்த உடைப்பு வழியாகப் பாய்ந்து கல்தரையில் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் என் கை அதற்குள் எண்ணெய்ப் புட்டியைத் திறந்துவிட்டது.

இடுப்பில் துண்டோடு போய் நின்றேன். முதல் வீச்சு உச்சந்தலையில் விழுந்ததும் பல் கிட்டியது. உடனே வழக்கம்போல் கத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, ஐந்தருவிக்குக் கேட்டிருக்கும். சீயக்காயைக் குழைத்துத் தேய்த்து இன்னொரு முறை கத்தினபோது, பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். என் மேலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் நிறம் கரைந்து போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் கத்தினாள். என்னைவிட நன்றாகவே கத்தினாள்.

அதே சமயம் கூடையோடு என் வீட்டம்மாள் வந்து நின்றாள். அவள் பேசியது இங்கிலீஷ்தான். என் காதில் விழுந்ததென்னவோ அசல் தென்காசிப் பேச்சு: "என்னவே இது கோலம்? பக்கத்து வீட்டுக்காரி போலீசைக் கூப்பிடுவேன்னு நிக்கா. உம்ம ஊர்ல குளிக்கதுக்கு எடமே கெடையாதா?"

"இருக்கிறது. அதனால்தான் இந்தக் கஷ்டம்" என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. அந்த வரிசை வீடுகள் முழுவதும் ஒரே ஆசாமிக்குச் சொந்தம்; என் வீட்டம்மாளும் அவரிடம் வாடகைக்கு இருப்பவள்தான். இந்தியனை வெளியேற்ற வேண்டும் என்று அவரிடம் புகார் போயிற்று. திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் பெட்டி கட்டினேன். பயந்துதான் போயிருந்தேன். மறுபடி அந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்க எனக்குத் தெம்பில்லை. குளித்ததற்காகப் படிப்பு போயிற்று என்று ஊரில் எந்த முகத்தோடு சொல்வது?

திங்கட்கிழமை வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். என்னைப் பார்த்தார். பிறகு வீட்டம்மாளிடம், "இவனை அனுப்பிவிடு" என்றார். நான் பெட்டியின் பிடியில் கை வைத்தேன்.

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வந்தாள். "இவன் அங்கே நின்றது தப்புத்தான். தண்ணீர் அங்கே விழுந்தது யாருடைய தப்பு? இரண்டு வருஷமாகக் குழாய்க்காக நான் உமக்கு எழுதிய கடிதங்களின் நகல் இவை. இவனை அனுப்பினால் குழாய் ஒட்டிக்கொள்ளுமா?"

அவர் கொல்லைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரியும் நின்றிருந்தாள். "குழாய் சரியானால் இவன் நிற்கமாட்டானே?" என்று கேட்டார். அருவி இல்லாத இடத்தில் நிற்க எனக்கென்ன பைத்தியமா என்றேன். மறுநாள் ஆள் வந்து குழாயை மாற்றினான். அன்று சாயங்காலம் அம்மாள் என் குளியலைச் சனிக்கிழமைக்கு மாற்றி, வியாழனைத் தனக்கு எடுத்துக்கொண்டாள். வாக்குத் தவறாமல் குளிக்கிறேன் என்று அக்காவுக்கு எழுதினேன். எங்கே, எப்படி என்று எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மாள் என் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து, எனக்குப் படிப்பு எப்படிப் போகிறது என்றெல்லாம் விசாரித்தாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அடுத்த தெருவில் என் தங்கை இருக்கிறாள். அவள் வீட்டுக் குழாயும் உடைந்து ஒரு வருஷமாகிறது, வீட்டுக்காரருக்கு எழுதி எழுதிப் பார்த்துவிட்டாள், பதிலே இல்லை. வருகிற சனிக்கிழமை உமக்கு வேறு வேலை ஏதாவது இருக்கிறதா?"

பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலு புட்டி எண்ணெய் மிச்சமிருந்தது.