மணியடிக்காத திருடர்கள்

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரியான திருட்டுப் படங்களைப் போட்டுக் காட்டுவதுதான் என் தொழில். உடனே போலீசுக்குப் போன் போட்டுவிடாதீர்கள். திருட்டுத்தனமாக எடுத்த படமல்ல, திருடர்களைப் பற்றிய படம். வெளிநாட்டில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் காரைக்குடிக்குத் திரும்பி, முப்பது நாற்காலி போட்டு ஒரு குட்டி அரங்கம் திறந்தேன். காதல் படம் போட்டால் அப்பாக்கள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேய்ப் படம் போட்டால் மறுநாள் நாற்காலிகளைக் கழுவ வேண்டியிருக்கிறது. சண்டைப் படமென்றால் பிள்ளைகள் இடைவேளையிலேயே அதை நடித்துக் காட்டுகிறார்கள். ரத்தமும் இல்லாமல் முத்தமும் இல்லாமல் எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க வைப்பது இந்தத் திருட்டுப் படம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு படம் தேடித் தேடி, கடைசியில் ஆளுக்கொரு போனோடு மூலையில் ஒதுங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சி.

உத்தரவாதம்

புஷ்பம் டீச்சர் மாதா கோயில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவர விரும்பினார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் தீரவேயில்லை. "சார், கடைசில அந்த நகையத் திருப்பிக் குடுத்துருவாகள்ல?" என்று போன் மேல் போன். சத்தியமே செய்துகொடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு சமையல்காரக் குடும்பம், மோசக்காரப் பணக்காரன் வீட்டிலிருந்து அட்டிகையைக் கிளப்பி, அதைப் பறிகொடுத்தவளிடமே சேர்த்துவிடும்.

படம் முடிந்ததும் பிள்ளைகள் தட்டிய கைதட்டலில் திரையே ஆடியது. டீச்சர் முகம் மட்டும் தெளியவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "நகையக் குடுத்துட்டாக, சரி. பாயாசத்துல மருந்து கலந்து ஒரு காவக்காரரத் தூங்க வச்சாகளே, அவருகிட்ட மன்னிப்புக் கேட்டாகளா சார்?"

கரண்டு

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர், ஆலையில் வேலை பார்ப்பவர்களைக் குடும்பத்தோடு அழைத்து வந்திருந்தார். திரையில் கதாநாயகி சிவப்பு ஒளிக்கோடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து வைரத்தை நோக்கிக் கையை நீட்டுகிறாள். கோடு மேலே பட்டால் மணி அலறும். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டென்று கரண்டு போய்விட்டது.

இருட்டில் ஜெனரேட்டரைத் தேடித் தடவிக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து ஒரு லாரி டிரைவரின் குரல் துரத்தியது: "அண்ணே, ஜெனரேட்டரப் போட்றாதீக! இப்ப அந்தச் செவப்பு லைட்டெல்லாம் எரியாதுல்ல, புள்ள எடுத்துட்டு ஓடியிரட்டும்!"

முதல் வரிசை, கடைசி வரிசை

சொக்கலிங்கம் அண்ணன் ஒரு படம் விடமாட்டார். முதல் வரிசை, ஓர நாற்காலி, மடியில் கனமான ஒரு மஞ்சப்பை. அவருடைய தம்பி நாகப்பனும் ஒரு படம் விடமாட்டார். ஆனால் கடைசி வரிசை. பூர்வீக வீட்டு வெளிச்சுவருக்கு அண்ணன் மஞ்சள் வண்ணம் என்றார், தம்பி வெள்ளை என்றார். அதோடு பேச்சு நின்று போனது. சுவர் இன்னும் வண்ணமில்லாமல்தான் நிற்கிறது.

ஒரு படத்தில், தாத்தாவின் கடிகாரத்தை மீட்க ஒரு குடும்பமே சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. சொக்கலிங்கம் அண்ணனுக்குத் தாங்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இம்புட்டுத் தூரம் தோண்டுறானுகளே, வாசல்ல ஒரு தடவ மணியடிச்சுப் பாத்தானுகளா?"

சோப்பு

எங்கள் பக்கம் பூர்வீக வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. பூட்டியே கிடக்கும், கல்யாணம் என்றால் திறப்பார்கள். பெரிய கதவின் சாவி மூத்தவரிடம் இருக்கும். நாகப்பன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்த வீட்டு முற்றத்தில்தான் நடக்க வேண்டுமென்று பெண் ஒற்றைக் காலில் நிற்கிறாள். "பேச்சே இல்லையே தம்பி, நான் எப்படிப் போயிக் கேக்க?" என்று என்னிடம் வந்தார் நாகப்பன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சாவி அண்ணன் மடியில வச்சிருக்காகளே, அந்த மஞ்சப்பையிலதான் இருக்கு. இடைவேளையில சோப்புல அச்செடுத்து, பட்டறையில ஒண்ணு அடிச்சுக்கிறேன். நம்ம படத்துல பாக்கலையா? நீங்கதான் பேச்சுக் குடுக்குற ஆளு."

இத்தனை படம் போட்ட பாவம், சம்மதித்துத் தொலைத்தேன். மாட்டிக்கொண்டால் ஊரில் எவன் என் அரங்கத்துக்குள் காலை வைப்பான்?

இடைவேளை. மடியை விட்டு இறங்காத பையை அன்றைக்கென்று நாற்காலியிலேயே வைத்துவிட்டுக் காப்பி குடிக்க வந்தார் சொக்கலிங்கம் அண்ணன். வெயில், மழை, வெளிநாட்டுக் காப்பி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசித் தீர்த்தேன். அவர் தம்ளரை வைத்துவிட்டு நேராக உள்ளே நடந்தார்.

பெரிய கதவுச் சாவி முழங்கை நீளம். நாகப்பன் கொண்டுவந்திருந்தது கையடக்கமான குளியல் சோப்பு. அழுத்திய அழுத்தில் அது இரண்டாக உடைந்து, ஒரு துண்டு அண்ணன் காலடிக்கே உருண்டு போனது. முறுக்குத் தின்றுகொண்டிருந்த அரங்கம் வாயை மூடிக்கொண்டது.

"ஏன்டா நாகப்பா, கேட்டா குடுக்க மாட்டேனா? நிச்சயம் பண்ணுன நாள்லருந்து இந்தக் கனத்தச் சொமந்துக்கிட்டு அலையிறேன். ஒருத்தராச்சும் வாயத் தொறந்து கேட்டீகளா?"

நாகப்பன் கையில் மல்லிகைச் சோப்பு வாசத்தோடு நின்றார். "சாவி வேணும்ணே" என்றார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, காலியான பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சோப்பத் தொடச்சுட்டு எடுத்துட்டுப் போடா. ஆனா வெளிச்செவருக்கு மஞ்சதான், சொல்லிப்புட்டேன்!"

அன்றிலிருந்து எந்தப் படத்தில் திருடர்கள் கூடித் திட்டம் போட ஆரம்பித்தாலும், "மொதல்ல கேட்டுப் பாருங்கப்பா" என்று அரங்கத்தில் யாராவது குரல் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்டுத் தொலைத்தால் பத்தே நிமிடத்தில் படம் முடிந்துவிடுமே என்கிற கவலை எனக்கு மட்டும்தான்.