இரண்டு பானை வீடு

தொண்ணூற்றாறில் வன்னாவுக்கு ஜெர்மனியில் நிரந்தர வதிவிட அனுமதி கேட்டிருந்தார்கள். உண்மையான கலியாணம்தானா என்று பார்க்க அதிகாரி வீட்டுக்கே வருவார் எனக் கேள்விப்பட்டதும், அவள் கணவன் அமலதாசின் அக்கா ஞானமலர் ஓடி வந்தாள்.

"தம்பி, ஒரு பானையை ஒளிச்சு வையடா. ரெண்டைக் கண்டால் தனித்தனிக் குடித்தனம் எண்டு எழுதிப்போடுவான்."

மன்னாரான் அமலதாசுக்கு ஒரு பானையில் குத்தரிசிச் சோறு, தாய்லாந்துக்காரி வன்னாவுக்கு இன்னொன்றில் ஒட்டரிசி. ஐந்து வருடமாக அப்படித்தான்.

"ஏலாது அக்கா," என்றாள் வன்னா. வீட்டில் டொச், அதாவது ஜெர்மன் மொழி, பேசினாலும் மறுப்பதற்கு அவளுக்குத் தமிழ்தான்.

அதிகாரி வந்தார். அடுப்பில் இருந்த இரண்டு பானைகளையும் பார்த்தார்.

"தனித்தனியாகவா சமைக்கிறீர்கள்?"

"ஆமாம். அவருடைய சோறு எனக்குப் பிடிக்காது."

"ஆனால் அவிக்கிற கூடை ஒன்றுதான்," என்று அமலதாஸ் அவசரமாகச் சொன்னான். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி பிய்ந்ததிலிருந்து அவளுடைய ஒட்டரிசிக் கூடையைத்தான் அவன் எடுத்துக்கொள்கிறான்.

வன்னா அந்த மூங்கில் கூடையை எடுத்து உள்ளே பார்த்தாள்.

"திரும்பவும் புட்டு மா! கழுவத் தெரியாதா?"

"கழுவினேனே!"

"அப்போ இது என்ன?"

அதிகாரி நிற்பதை இருவருமே மறந்துபோனார்கள். அவர் பேனாவை மூடிக்கொண்டு மெல்ல வெளியேறினார்.

அனுமதி கிடைத்தது.

"இனிக் குடியுரிமைக்கும் வருவாங்கள்," என்றாள் ஞானமலர். "அப்பவாவது ஒரு பானையை எடுத்து வையுங்கோ."

"வரட்டும் அக்கா," என்றாள் வன்னா. "மூண்டாவது பானையும் வாங்கி வைக்கிறன்."