கூலி வாங்காத கடைக்காரர்

தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில் குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். மதுரையில் தையல் மெஷின் கடை வைத்திருந்த ஒரு மனிதரை அங்கேதான் சந்தித்தேன். பக்கத்து ஊரான விட்பியில் இருந்த ஒரே மகளைப் பார்க்க வந்தவர், தொழில் செய்பவர்களுக்கான குடிவரவுத் திட்டத்தில் இங்கேயே தங்கிவிட ஆசைப்பட்டார். மெலிந்த உடம்பு. அதன்மேல் மருமகனின் பெரிய குளிர்கோட்டு. எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு, பிறகுதான் பதில்.

எங்கள் ஆலோசகர் விதியைப் புரிந்துகொண்ட வகையில், வெறும் விற்பனைக் கடைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. சேவைத் தொழிலுக்கு இருந்தது.

“அண்ணை, மெஷின் திருத்திறதுக்கு எவ்வளவு எடுக்கிறியள்?” என்று கேட்டேன்.

சிரித்தார். “நான் வித்த மெஷின் தம்பி. அதைச் சரி பண்ணக் காசு கேட்பேனா? கூப்பிட்டா வீட்டுக்கே போய்ப் பார்த்துக் கொடுத்துட்டு வருவேன்.”

திருத்த வேலையால் வருமானம் இல்லை. ஆகவே விண்ணப்பத்தில் ‘விற்பனை’ என்று வகைப்படுத்தினேன். அவர் ஆசைக்காக அனுப்பிப் பார்த்தோம்; குடிவரவுத் துறை நிராகரித்துவிட்டது.

முடிவைக் கேட்க மகளோடு வந்தார். சொன்னேன். அப்போதும் முதலில் சிரிப்புத்தான். “உங்களுக்கும் வீண் சிரமம் கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க தம்பி” என்று என் கையைப் பிடித்தார். மகள் என் பக்கம் திரும்பவேயில்லை.

விதிப்படி நான் செய்தது சரி. ஆனாலும், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் போய்ச் சும்மா திருத்திக் கொடுத்த ஒருவரைச் சேவை செய்யாதவர் என்று எழுதியது என் கைதான். மன்னிப்பை நானல்லவா கேட்டிருக்க வேண்டும்?